லைன் அறுந்தால் பெட்டி என்ன செய்யும்?

அடுத்த மாதம் உங்களைக் கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போவார்கள். வட்ட மேசை, வெள்ளைத் துணி, ஆளுக்கொரு புதுப் பேனை. மத்தியானச் சாப்பாட்டில் இறால் இருக்கும். நமது தேயிலைத் தோட்டக் கம்பனியின் வலையமைப்பையும் அதன் பாதுகாப்பையும் இனி எந்தக் கருவியின் கையில் ஒப்படைப்பது என்று அங்கே நீங்கள் முடிவு செய்வீர்கள். இப்போதிருக்கும் கருவியைத் தெரிவு செய்த நாளில் அதேபோன்ற மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். இறால் நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு இப்போது யாரும் அழைப்பு அனுப்புவதில்லை. பதுளை அலுவலகத்தின் வலையமைப்புப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கையில் நேரம் நிறைய இருக்கிறது, கோபம் அதைவிட நிறைய இருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அந்த மேசைக்குப் போகுமுன் இதை வாசிக்க வேண்டும்.

விற்பனைக்காரர்கள் உங்களிடம் "பல கிளவுட் உத்தி" என்று பேசுவார்கள். நம்மிடம் உத்தி எதுவும் இருக்கவில்லை. சம்பளம், ஆளணி என்கிற பணியாளர் விவரங்கள், அவர்களின் தொலைபேசி எண்கள் எல்லாம் ஒரு கிளவுட்டில் இருக்கின்றன. தலைமை அலுவலகம் அதைத்தான் வாங்கியது. தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்கும் மழைமானிகளும் இன்னொரு கிளவுட்டில் இருக்கின்றன. ஒரு உதவித் திட்டம் அதை இலவசமாகக் கொடுத்தது. யார் எதைத் தந்தார்கள், யார் எதை மறுக்க வெட்கப்பட்டார்கள் என்பதன் வரலாறுதான் நமது உத்தி. பெரும்பாலான கம்பனிகளிலும் அப்படித்தான் என்று பிறகு அறிந்துகொண்டேன். ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு.

மீரியபெத்தத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து விழுந்ததற்குப் பிறகு மழைமானிகளின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மலையில் இருக்கும் மானி, மழையின் அளவை ரேடியோ வழியாகப் பதுளை அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து அது ஒரு கிளவுட்டுக்குப் போகும். அளவு எல்லை தாண்டினால், மற்றக் கிளவுட்டிலிருந்து தொலைபேசி எண்களை எடுத்து, மலைக்குக் கீழே இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி போகும். இரண்டு கிளவுட்டுக்கும் நடுவே ஒரு வாசல், அந்த வாசலில் ஒரு காவல். நாம் வாங்கப் போனது அந்தக் காவலைத்தான்.

அந்தச் செய்தி யாருக்குப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதுளையிலிருந்து ஏறிப்போகிற நமது தோட்டங்களில் ஒன்று, பெயர் வேண்டாம். அதன் கீழ்ப்பிரிவில், சரிவுக்கு நேர் கீழே, பிள்ளைக்காம்பரா இருக்கிறது. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுப்போவார்கள். தொட்டில் குழந்தையிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகள் வரை எல்லாரையும் பார்த்துக்கொள்பவர் ராஜேஸ்வரி. செய்தி வந்தால் அவர் பிள்ளைகளை மேட்டில் இருக்கும் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விதி உண்டு. அது எந்தக் கையேட்டிலும் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும்: மேலேயிருந்து சொல் வராமல் யாரும் அசையக் கூடாது. முந்திய வருட மழையில் ராஜேஸ்வரி தன் பாட்டில் பிள்ளைகளைக் கோயிலுக்கு ஏற்றிவிட்டார். மலையில் நின்ற தாய்மார் அதைப் பார்த்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அன்றைய கொழுந்து போயிற்று. மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், அத்தனை பேர் முன்னிலையில் தோட்ட நிர்வாகியான துரை அவரை நிறுத்திப் பேசினார்.

"ஒன் இஷ்டத்துக்குப் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடுறதுக்கா கம்பனி மெசேஜ் வச்சிருக்கு? மெசேஜ் வந்தா போ. வரலைன்னா இரு."

"சரிங்க தொரை" என்றாராம் ராஜேஸ்வரி. வேறு என்ன சொல்ல முடியும்.

இனி ஹோட்டலுக்குப் போவோம்.

கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன். மூன்று கம்பனிகள் வந்திருந்தன. மூன்றாவது கம்பனியின் இளைஞர் அழகாகப் பேசினார். ஒரே திரையில் இரண்டு கிளவுட்டும் தெரியும், எல்லாத் தோட்டங்களும் தெரியும், யார் எங்கே எதைத் தொடுகிறார் என்பது தெரியும். ஒவ்வொரு மாகாணத்திலும் காவலுக்கு ஒரு பெட்டி. எல்லாப் பெட்டிகளையும் கொழும்பிலிருக்கும் கட்டுப்பாட்டு மையம் ஆளும். நம் தலைமை அதிகாரி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கொழும்பில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்ப்பது என்பது இந்த நாட்டில் யாருக்குத்தான் பிடிக்காது?

நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"எங்கள் ஊவா மாகாணத்தில் மழை பெய்தால் பாதை சரியும். பாதை சரிந்தால் ஃபைபர் அறும். அப்போது பதுளைப் பெட்டிக்குக் கொழும்பு தெரியாது. பெட்டி என்ன செய்யும்?"

"கவலைப்படாதீர்கள் மேடம். எல்லாவற்றையும் மூடிவிடும். ஒரு துளிகூட உள்ளே வராது, வெளியே போகாது. முழுப் பாதுகாப்பு."

"யாருக்குப் பாதுகாப்பு?"

"உங்கள் தரவுகளுக்கு, மேடம்."

"மழை எச்சரிக்கையும் அந்த வாசலால்தான் போகிறது."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார்.

தலைமை அதிகாரி சிரித்தபடி சொன்னார்: "மிஸ்ஸுக்கு எப்போதும் மழைதான் ஞாபகம். மாற்று லைன் போட்டிருக்கிறோமே."

"மாற்று லைன் உயிரோடு இருந்தாலும், கட்டுப்பாட்டு மையம் தெரியாவிட்டால் பெட்டி மூடிக்கொள்ளும் என்றுதானே இவர் சொல்கிறார்?"

"அது விவரம். விவரங்களைப் பிறகு பார்ப்போம்."

கம்பனிகளுக்கு மதிப்பெண் போடும் புள்ளித்தாளில் விலைக்கு ஒரு வரி இருந்தது. திரையின் தெளிவுக்கு ஒரு வரி, பயிற்சிக்கு ஒரு வரி, வெளிநாட்டு விருதுகளுக்குக்கூட ஒரு வரி. லைன் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரி இல்லை. வரி இல்லாத இடத்தில் புள்ளி குறைக்கவும் முடியாது. என் ஆட்சேபனை கூட்டக் குறிப்பில் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஏறியது. அலுவலகத் தமிழில் அதற்கு ஈமக்கிரியை என்று பொருள்.

பெட்டி பதுளைக்கு வந்தது. ஆறுமாதம் அது நன்றாக வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கணக்குப் பிரிவில் ஒருவர் திறக்கக் கூடாத மெயிலைத் திறந்தபோது அது பிடித்தது. அதனால் அதன் மதிப்பு இன்னும் ஏறியது. தோட்டங்களின் மேசைத் தொலைபேசிகளையும் இணையத்துக்கு மாற்றி அதே பெட்டிக்குப் பின்னால் வைத்தார்கள். ஒருங்கிணைப்பு என்றார்கள்.

ஐப்பசியில், ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, மழை கனத்தது. பண்டாரவளைப் பாதையில் மண் சரிந்து, கம்பத்தோடு ஃபைபரும் போயிற்று. மாற்று லைன் உடனே எழும்பியது. பச்சை விளக்கு. அதற்குப் பக்கத்தில் பெட்டியில் சிவப்பு விளக்கு.

என்னோடு வேலை செய்த டெக்னீஷியன் நிஸாம், பதுளைக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கேபிள்களுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"மத்த லைன் நல்லாத்தான் இருக்கு மிஸ். பெட்டிதான் விடுதில்ல."

"ஏன் விடலை?"

"கொழும்பத் தேடுது. கிடைக்காட்டி யாரயும் நம்பாதாம்."

மழைமானிகள் ரேடியோவால் வருவதால் எங்கள் திரையில் அளவுகள் தெரிந்துகொண்டிருந்தன. கீழ்ப்பிரிவின் கட்டம் மஞ்சளாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பானது. அந்தச் சிவப்பு கிளவுட்டுக்குப் போக வேண்டும், போகவில்லை. குறுஞ்செய்தி புறப்பட வேண்டும், புறப்படவில்லை.

தோட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அது பெட்டிக்குப் பின்னால் இருந்தது. துரையின் கைத்தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் மலையில் இருந்தார். ராஜேஸ்வரியின் எண் சம்பளக் கிளவுட்டில், பெட்டிக்கு அந்தப் பக்கம். தொழிலாளர்களின் எண்களை நாங்கள் எங்கள் போனில் வைத்திருக்கக் கூடாது என்று விதி. நல்ல விதி, நானே எழுதிய விதி.

கொழும்புக்கு என் கைத்தொலைபேசியில் பேசினேன். பெட்டியைக் கடந்துபோக அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் ராஜேஸ்வரியின் எண்ணையாவது எடுத்துத் தாருங்கள் என்றேன்.

"சிஸ்டத்துல அனுமதி டிக்கெட் போட்டீங்களா?" என்றார் தலைமை அதிகாரி.

"டிக்கெட் போடுற சைட் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கு, சேர்."

"அப்ப மெயில்ல எழுதிக் கேளுங்க. எழுத்துல இல்லாம நான் எப்படி ஓம் சொல்றது?"

"மெயிலும் அந்தப் பக்கம்தான்."

"கொஞ்சம் பொறுங்க மிஸ். ஒரு கூட்டத்துல இருக்கேன். முடிஞ்சதும் எடுக்கிறேன்."

பொறுப்பதற்கு எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை. மலையைத்தான் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு முக்கியமான இடம். பெட்டியைக் கடப்பது விளையாட்டல்ல. காவல் இல்லாமல் வாசலைத் திறந்தால், ஊவாவில் வேலை செய்யும் எல்லாருடைய சம்பள விவரமும் வங்கிக் கணக்கும் திறந்த வெளியில் நிற்கும். உள்ளே நுழையக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். அதை அந்தப் பெட்டியே எங்களுக்குக் காட்டியிருந்தது. ஒரு கணம் நானும் தயங்கினேன். அப்போது எனக்குப் பழைய மேலாளர் ஒருவரின் பழக்கம் உதவியது. அவர் எந்த நெருக்கடியிலும் சரியா பிழையா என்று கேட்கமாட்டார். "இதில் எதைப் பிறகு திருத்தலாம்?" என்று மட்டும் கேட்பார். கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். வங்கிக் கணக்கை முடக்கிப் புதிதாகத் திறக்கலாம். பட்டியலில் மற்றப் பக்கம் இருந்ததை நான் எழுதத் தேவையில்லை.

அலமாரியில் பழைய ரவுட்டர் இருந்தது. விற்பனைக்கார இளைஞர் "போன தலைமுறை" என்று கேலி செய்தது. இரண்டு கிளவுட்டுக்குமான பழைய வழிகள் அதற்குள் அப்படியே இருந்தன. நடைமுறைப்படி அது எப்போதோ அழிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்புறப்படுத்தல் குழு கூடவில்லை. என் பணிக்காலம் முழுவதிலும் ஒரு குழு கூடாமல் விட்டதற்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு முறைதான்.

"கணக்குப் பிரிவுட கேபிள், ஆளணிட கேபிள், எல்லாத்தையும் கழட்டுங்க. மழைமானி மெஷின் மட்டும் இருக்கட்டும்" என்றேன். கதவைத் திறப்பதென்றால், ஆள் நுழையும் அளவுக்குத் திறக்க வேண்டியதில்லை.

நிஸாம் கழற்றினார். பிறகு ரவுட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார்.

"இதப் போட்டா வேலை போகும் மிஸ்."

"யாரோட வேலை?"

"ரெண்டு பேர்டயும்."

"நீங்க தொட வேணாம். நான் மாட்டுறேன். நீங்க தேத்தண்ணி குடிக்கக் கடைக்குப் போயிட்டீங்க. சரியா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் தண்ணீர் திரையாக வழிந்தது. "இந்த மழைக்குள்ளயா? சொன்னா யாராவது நம்புவாங்களா?" என்றுவிட்டு, அவரே குனிந்து மாட்டினார்.

சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் "அனுப்பப்பட்டது" என்று வந்தது. பிறகு துரை கூப்பிட்டார். செய்தி அவருக்கும் போயிருந்தது. பிள்ளைகள் கோயிலுக்கு ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். நான் கதிரையில் உட்கார்ந்தேன். நிஸாம் உண்மையிலேயே தேத்தண்ணி வாங்கப் போனார்.

சரிவு வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மழை ஓய்ந்தது, மலை நின்றது, பின்னேரம் தாய்மார் கோயிலுக்கு வந்து பிள்ளைகளை வாங்கிப்போனார்கள். மலை விழுந்திருந்தால் என்னைப் பாராட்டியிருப்பார்கள். விழாததால் விசாரணை வைத்தார்கள்.

விசாரணை பதுளை அலுவலகத்திலேயே நடந்தது. தலைமை அதிகாரி வந்திருந்தார், தோட்டத்துத் துரையும் வந்திருந்தார். அனுமதியின்றிப் பாதுகாப்புக் கருவியைத் தவிர்த்தது என்பது குற்றச்சாட்டு. நான் மறுக்கவில்லை, அந்த விதிகளின் இலக்கத்தை அவருக்கு எடுத்துக்கொடுத்ததே நான்தான்.

"எதுவும் நடக்கலையே மிஸ்" என்றார். "எந்தச் சேதமும் இல்லை. அப்ப இந்த அவசரம் எதுக்கு?"

சாட்சி சொல்ல ராஜேஸ்வரியை வரவழைத்திருந்தார்கள். அன்றுதான் நான் அவரை முதல்முதலாக நேரில் பார்த்தேன். கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"மெசேஜ் வந்தப் பொறகுதான் பிள்ளைகளக் கொண்டுபோனீங்களா?" என்று கேட்டார் அதிகாரி. ஏற்பாடு ஒழுங்காக நடந்தது என்று பதிவுசெய்ய அவருக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது.

"ஆமாங்க. அதுக்கு முன்னாடியே எல்லாத்துக்கும் செருப்பு மாட்டி, கைப்புள்ளைகளத் துண்டுல சுத்தி, வாசல்ல நிக்க வச்சுட்டேங்க. மழை அப்பிடிப் பேஞ்சுது. பின்னால செவுத்துல தண்ணி ஊறி வந்துச்சு. போனையே பாத்துக்கிட்டு நின்னேன்."

"ஏன் நின்னீங்க? போயிருக்கலாமே."

ராஜேஸ்வரி துரையைப் பார்த்தார். துரை மேசையைப் பார்த்தார்.

"மெசேஜ் வரலைன்னா இருன்னு சொல்லியிருக்காங்களே. வரலைங்க. அப்ப ஆபத்து இல்லைன்னுதானே அர்த்தம்? நான் ஒண்ணு கேக்கலாங்களா? மெசேஜ் வரலைன்னா, மழை பத்தலைன்னு வரலையா, லைன் இல்லைன்னு வரலையா? அத நான் எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

அந்தக் கேள்விக்கும் புள்ளித்தாளில் வரி இருக்கவில்லை.

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. வெளிநாட்டிலிருந்து இவ்வளவு செலவில் கொண்டுவந்த பெட்டிக்கும் நமது தோட்டத்துக்கும் ஒரே வளர்ப்பு. மேலேயிருந்து சொல் வராவிட்டால் இரண்டும் அசையா. பெட்டி கொழும்பின் சொல்லுக்காகக் கதவை மூடிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் பெட்டியின் சொல்லுக்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். நடுவில் செருப்பு மாட்டிய பிள்ளைகள்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ஓய்வுக்குச் சில மாதம் இருந்ததால் அதை என் கோப்பில் போடுவதா என்று ஆளணிப் பிரிவில் நீண்ட ஆலோசனை நடந்ததாம். போட்டார்கள். நிஸாமின் பெயர் எங்கும் வரவில்லை; அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்.

பிறகு விற்பனைக் கம்பனியிலிருந்து அதே இளைஞர் பதுளைக்கு வந்தார். பெட்டியின் திரையைத் திறந்து, எங்கோ உள்ளே போய், ஒரு சிறு கட்டத்தில் ஒரு டிக் போட்டார். இனி கொழும்பு தெரியாவிட்டாலும் எச்சரிக்கைச் செய்தி மட்டும் மாற்று லைனால் போகும். வேலை முடிந்தது. அவருடைய சப்பாத்தில் சேறுகூடப் படவில்லை.

"இந்தக் கட்டம் முதலிலேயே இருந்ததா?" என்று கேட்டேன்.

"இருந்தது மேடம். யாரும் கேட்கலை."

"நான் கேட்டேன்."

அவர் திரையை இன்னும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த டிக்கோடு நான் இன்னொன்றும் கேட்டிருந்தேன். தினமும் காலையில், பிள்ளைக்காம்பரா திறக்கும் நேரத்தில், "லைன் இருக்கிறது" என்று ஒரே ஒரு செய்தி ராஜேஸ்வரிக்குப் போகட்டும். அது வராத நாளில் அவர் தன் கண்ணை நம்பிப் பிள்ளைகளை மேட்டுக்குக் கொண்டுபோகட்டும். யாரும் அவரைப் பெரட்டில் நிறுத்தக் கூடாது. கொழும்பு அதை மறுத்துவிட்டது. தினமும் செய்தி போனால் மக்கள் வீணாகப் பயப்படுவார்களாம். பிள்ளைக்காம்பராவை மேட்டுக்கே மாற்றிவிட்டால் எந்தப் பெட்டியும் தேவைப்படாதே என்றும் கேட்டேன். அது வலையமைப்புப் பிரிவின் விடயமல்ல என்றார்கள். உண்மைதான், அல்ல.

கருவி வாங்க விலை கோரும் இந்த வருடக் கேள்விப்பத்திரத்தின் புள்ளித்தாளை ஒருவர் எனக்குக் காட்டினார். விருதுகளுக்கான வரி இன்னும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்குப் புதிதாக ஒரு வரி வந்திருக்கிறது. லைன் அறுந்தால் என்ன என்பதற்கு இம்முறையும் இல்லை.

ஆகவே நீங்கள் அந்த மேசையில் உட்காரும்போது, கருவி வேலை செய்யும்போது என்ன செய்யும் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அதை அவர்கள் கேட்காமலே சொல்வார்கள், படத்தோடு சொல்வார்கள். கண் தெரியாமல் போகும்போது அது என்ன செய்யும், தனக்குக் கண் தெரியவில்லை என்பதை யாரிடம் சொல்லும் என்று கேளுங்கள். "விவரம், பிறகு பார்ப்போம்" என்று யாராவது சொன்னால், பேனையை மூடி வையுங்கள். முடிந்தால் அந்தக் கூட்டத்தை மழைக்காலத்தில் பிள்ளைக்காம்பராவில் வையுங்கள். அங்கே இறால் கிடைக்காது. பின்சுவரில் தண்ணீர் ஊறுவதைப் பார்க்கலாம்.

விசாரணை முடிந்து போகும்போது ராஜேஸ்வரி என் எண்ணை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மழை கனத்தால் கூப்பிடுவார். நலம் விசாரிப்பதில்லை.

"மிஸ், மெசேஜ் வரலைங்க. மழை பத்தலையா, லைன் இல்லையா?"

அலுவலகத்தில் இன்னும் இருக்கும் நிஸாமை நான் கூப்பிடுவேன். அவர் திரையைப் பார்த்துச் சொல்வார். நான் ராஜேஸ்வரிக்குச் சொல்வேன். கம்பனி இரண்டு கிளவுட்டுக்கும் நடுவே வைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டில் கடைசிக் கண்ணி, ஓய்வூதியம் வாங்கும் ஒரு பெண்ணின் கைத்தொலைபேசி. போன வாரம் நான் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வரிசையில் இருந்தபோது அது அடித்திருக்கிறது, நான் எடுக்கவில்லை. வெளியே வந்து பார்த்தபோது அவர் பலமுறை கூப்பிட்டிருந்தார். அன்று மலை நின்றது. அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வேலை செய்திருக்கிறேன். விதிப்படி பிழை, எனக்குத் தெரியும். உங்கள் எல்லாருடைய கைத்தொலைபேசி எண்களையும் ராஜேஸ்வரியிடம் கொடுத்துவிட்டேன். ஹோட்டலில் இருக்கும்போது போனை அணைத்துவைக்கச் சொல்வார்கள். அணைக்காதீர்கள். அவர் கூப்பிட்டால் அந்த மேசையிலேயே எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடுங்கள்.